கொடைக்கானல் ஏரியில் மிதிபடகும் ஐந்திணையும்: குடும்பச் சுற்றுலா நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரையில் நோக்கம், எல்லை, கருதுகோள் மூன்றையும் சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. சொல்லாவிட்டால் கட்டுரையைக் கருத்தரங்கக் கோவையில் சேர்க்கமாட்டார்கள். (சொல்லாமல் பணம் மட்டும் கட்டினாலும் சேர்த்துவிடுவார்கள் என்று கேள்வி. சான்றிதழும் மதியச் சாப்பாடும் உண்டாம்.) ஆகவே, நோக்கம்: போன மே மாதம் எங்கள் குடும்பம் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் போய் என்னதான் செய்தது என்று கண்டறிதல். எல்லை: ஒரு வேன், பதினொரு பேர், இரண்டு பகல், ஓர் இரவு. கருதுகோள்: கண்டறிய முடியாது. முதன்மைச் சான்று, படகுச் சீட்டு ஒன்று, நனைந்தது. துணைமைச் சான்று, அத்தை.

முதற்பொருளிலிருந்து தொடங்குவோம். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அது குறிஞ்சி என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஐயம் ஏரியில்தான். அந்த ஏரி தானாகத் தோன்றியதன்று. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது. ஏறத்தாழ 60 ஏக்கர். சுற்றிவர ஐந்து கிலோமீட்டர் சாலை. கரை போட்டுத் தேக்கிய நீர் என்றால் அது ஏரி. ஏரி என்றால் மருதம். திணை மயங்கலாம், நிலம் மயங்கக்கூடாது என்பது தொல்காப்பியர் விதி. லெவிஞ்ச் துரைக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மலை உச்சியில் மருதத்தைக் கொண்டுபோய் வைத்து நிலத்தையே மயக்கிவிட்டுப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தின் மயக்கத்துக்கும் இதுவே காரணம் என்பது என் துணிபு. (வேனில் மயக்கம் வந்ததற்குக் காரணம் வேறு, கொண்டை ஊசி வளைவும் வத்தலகுண்டில் சாப்பிட்ட பரோட்டாவும் என்க.)

பொழுதைப் பார்ப்போம். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது. பழையவர்களுக்கு முழு ஆண்டுத் தேர்வு கிடையாது, அதனால் சொல்லிவிட்டார்கள். இன்றைய குறிஞ்சியின் பெரும்பொழுது கத்திரி வெயில். உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வண்டி மலையேற முடியாது. பகற்குறிக்கும் இரவுக்குறிக்கும் திருட்டுத்தனமாக வந்துபோன தலைவன் இப்போது க்யூஆர் குறி காட்டினால்தான் மேலே போகலாம்.

கருப்பொருள். தெய்வம்: முருகன், வெள்ளைக்காரராகப் பிறந்து, இலங்கையின் பொன்னம்பலம் ராமநாதனை மணந்த லேடி ராமநாதன் 1936-இல் எழுப்பிய குறிஞ்சி ஆண்டவர் கோயில். பூ: குறிஞ்சி, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, கடைசியாக 2018-இல் பூத்தது, ‘எங்கேப்பா பூ?’ என்று பெரியப்பா எல்லாரையும் கேட்டார். உணா: தினையும் மூங்கிலரிசியும் என்பது நூல் வழக்கு, வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரை என்பது உலக வழக்கு. மா: குதிரை, குரங்கு. புள்: கவனிக்கவில்லை. பறை: வேன் ஹாரன்.

இனி உரிப்பொருள். இவ்வாய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்றவை பக்கத்தை நிரப்ப எழுதியவை.

புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஐந்தும் ஐந்து நிலத்துக்குத் தனித்தனியே உரியன என்று இதுகாறும் நம்பிவந்தோம். ஐந்தும் ஒரே மிதிபடகில், அரை மணி நேரச் சீட்டுக்குள் நிகழ்ந்துவிடும் என்பதை இக்கட்டுரை முதன்முதலாக நிறுவுகிறது. (ஊரெல்லாம் ‘பெடல் போட்’ என்கிறது. நெறியாளர்களுக்கு ஊர் சொல்லும் சொல்லைக் கண்டால் ஒவ்வாமை என்பதால் மிதிபடகு.)

படகில் நான்கு இருக்கை. மிதிகட்டை முன்னிருக்கை இரண்டுக்கு மட்டும். முன்னால் பெரியப்பாவும் அத்தையின் கணவரான மாமாவும். பின்னால் அத்தையும் நானும். என் மடியில் டீ நிறைந்த ஃப்ளாஸ்க். பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எடை கூடியவர். மாமா இரும்புக் கடை வைத்திருந்தும் ஒல்லி. ஆகவே படகு தொடக்கத்திலிருந்தே பெரியப்பா பக்கம் சாய்ந்த கொள்கையுடையது. ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கியை மாட்டியதும் நால்வரும் அசைய முடியாமல் நெருங்கி அமர்ந்தோம். இது புணர்தல். துறைக்காரர் நீண்ட கொக்கிக்கழியால் படகை ஒரு தள்ளுத் தள்ளினார். இது பிரிதல். இரண்டுக்கும் இடையே அரை நிமிடம்கூட இல்லை என்பதை உற்றுநோக்குக.

இருவருக்கும் நடுவே திசைதிருப்பும் தண்டு ஒன்று. அதை இடப்பக்கம் தள்ளினால் படகு எப்பக்கம் திரும்பும் என்பதில் இரு வேறு உரை உண்டு. இடப்பக்கமே என்பது பெரியப்பா கொள்கை. வலப்பக்கம் என்பது மாமா. ஒருவர் தள்ள, மற்றவர் இழுக்க, படகு நட்டநடுவில் மூன்று முழு வட்டம் போட்டது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பாட்டின் அடிகளைக் கழற்றி வேண்டிய இடத்தில் மாட்டுவதைப் படித்தபோதெல்லாம் எனக்குத் தலை சுற்றியிருக்கிறது. உடம்பும் சேர்ந்து சுற்றியது அன்றுதான்.

‘நீங்க மிதிக்கவே இல்ல மாப்ள’ என்றார் பெரியப்பா. ‘நான் மிதிச்சுதான் இவ்ளோ தூரம் வந்துருக்கு’ என்றார் மாமா. இவ்விடம் பாடபேதம் உள்ளது. ‘நான் மிதிச்சுத்தான் இவ்ளோ தூரம் வந்துட்டோம்’ என்பது அத்தை பாடம். (அத்தை, வாய்மொழி, பின்னிருக்கை, மறுநாள் காலை இட்லிக் கடையில் திருத்திய பாடம், மாலையில் பழைய பாடத்துக்கே திரும்பியது, கேட்டவர் பாட்டி, அவரோ படகில் இல்லை, காதுக்கருவியும் அறையில் இருந்தது.) எது மூலம் எனத் துணிவதற்கில்லை. மருதத்துக்குரிய ஊடல் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நிகழ்வது. இங்கோ மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் இடையே. இது புறனடை.

ஏரி நட்சத்திர வடிவம். ஒரு கைக்குள் நுழைந்துவிட்டால் படகுத்துறை கண்ணுக்கு மறைந்துவிடும். மறைந்தது. காற்று எதிர்த்து வீச, நீர்ச்செடி ஓரமாக அசையாமல் நின்றோம். ‘கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம்’ என்றார் மாமா. இருத்தல் என்பதற்கு இதைவிட நேரான மேற்கோள் முல்லைப்பாட்டில் தேடினாலும் அகப்படாது. அத்தை டீ ஊற்றினார். ஃப்ளாஸ்க் மூடியில் இரண்டு வாய், பிளாஸ்டிக் டம்ளரில் இரண்டு வாய். கையில் பட்ட சூடும் காலடியில் கசிந்து நின்ற ஏரித் தண்ணீரின் குளிரும் ஒன்றாக ஏறின. அந்த நான்கு நிமிடம் யாரும் எந்தத் திணையிலும் இல்லை. ஆய்வுக்குப் பயன்படாது என்பதால் இதை விடுக.

அப்போது துடுப்புப் படகில் என் மனைவியும் பிள்ளைகளும் எங்களைக் கடந்துபோனார்கள். துடுப்புப் போடக் கூலிக்கு ஆள் இருந்தார். மூவர் கையிலும் சுட்ட சோளம். மனைவி ஒன்றும் கேட்கவில்லை, கைமட்டும் ஆட்டினாள். பின்னால் அத்தை ‘ஏன்டா நாமளும் அதுலயே போயிருக்கலாம்ல’ என்று சொன்னாரே, அதுதான் இரங்கல். (மேற்படி கூற்று மொத்தம் ஒன்பது முறை: படகில் மூன்று, வேனில் ஐந்து, வாடிப்பட்டி தாண்டித் தூக்கத்தில் ஒன்று. தூக்கத்தில் சொன்னதைச் சான்றாகக் கொள்ளலாமா என்பதில் மாமா மாறுபடுவர்.) நெய்தல் நிலம் இல்லாமல், கடல் இல்லாமல், இரங்கலை நிறுவியது தமிழாய்வில் இதுவே முதல் முறை என்று அடக்கத்தோடு குறிப்பிடுகிறேன்.

இந்த ஏரியில் வழியும் நீர் ஊருக்குக் கீழே எட்டு கிலோமீட்டரில் வெள்ளி அருவியாக 180 அடி விழுகிறது. அங்கே வேனை நிறுத்தி எல்லாரும் இறங்கி, குரங்கு புளியோதரை டப்பா ஒன்றைத் திறக்கும் விதத்தை வியந்து பார்த்துவிட்டு ஏறினோம். அருவியை யாரும் பார்த்ததாகக் குறிப்பு இல்லை. குணா குகை: கூட்டம். பிரையண்ட் பூங்கா: பெரியப்பாவுக்குக் கால் வலி.

கோக்கர் நடைபாதை பற்றி மட்டும் ஒரு சொல். லெஃப்டினன்ட் கோக்கர் 1872-இல் மலைவிளிம்பை ஒட்டி அமைத்தது, ஒரு கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால் கீழே பெரியகுளமும் மதுரையும்கூடத் தெரியும். மதுரையிலிருந்து நான்கு மணி நேரம் வேனில் நெளிந்து வந்து, காசு கொடுத்து உள்ளே போய், மதுரை தெரிகிறதா என்று பார்த்தோம். எங்களுக்கு வாய்த்தது பால் மாதிரிப் பனி. பெரியப்பா சளைக்கவில்லை. ‘அதோ வைகை டேம். அதுக்கு இந்தாண்ட பெரியகுளம். அந்தா கோபுரம்’ என்று வெள்ளை வெளேரென்ற ஒன்றுமில்லாமையில் விரல் நீட்டிக்கொண்டே போனார். முதற்சங்கத்தையும் கடல் கொண்ட நூல்களையும் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதியவர்களின் முறையியல் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. இன்னொன்றும் உண்டு. முதுகுப் பக்கம் வெயில் அடித்து எதிரே பனி இருந்தால், அந்தப் பனியில் தன் நிழலே பூதாகாரமாக, தலையைச் சுற்றி வண்ண வளையத்தோடு தெரியும். ப்ரோக்கன் பூதம் என்பார்கள். அந்த இடத்தில் எப்போதாவது காணக் கிடைப்பது. கருத்தரங்க மேடைகளில் அடிக்கடி.

மீண்டும் படகுக்கு வருவோம். படகுத்துறைக்குத் திரும்ப ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கட்டணம். காற்றின் பிழைக்கு மிதித்தவன் பொறுப்பல்ல என்று பெரியப்பா நெடுநேரம் வாதிட்டார். துறைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘யாருங்க மிதிச்சது?’ என்றார். பெரியப்பாவும் மாமாவும் ஒரே குரலில் ‘நான்’ என்றார்கள். இரண்டு நாளில் அவர்கள் ஒத்துக்கொண்ட ஒரே இடம் அது.

இவ்வாய்வேட்டின் வாய்மொழித் தேர்வு எங்கள் வீட்டுச் சமையலறையில் நடைபெற்றது. புறத்தேர்வாளர் என் மனைவி. அடுப்பைப் பார்த்தபடியே முழுவதையும் கேட்டாள். லெவிஞ்சையும் நச்சினார்க்கினியரையும் பற்றிக் கேள்வி இல்லை. தொல்காப்பியம் தொடப்படவே இல்லை.

‘எங்க அம்மா கொடுத்த ஃப்ளாஸ்க் எங்க?’ என்றாள்.

மேலாய்வுக்கு உரியது என்றேன்.