ரோமர் உதகைக்கு வந்தார்களா? போர்வைக்கு வெளியே நீளும் வலக்கை குறித்து ஓர் ஆய்வு

நீலகிரியில் விடியற்காலை டீக்கடை முன் நிற்கும் யாரையும் பாருங்கள். கழுத்திலிருந்து முழங்கால் வரை போர்வை. வலக்கை மட்டும் வெளியே, அதில் கண்ணாடி டம்ளர். அற்பமான கை என்று ஒதுக்கிவிட முடியாது. இதே கை சென்ற நூற்றாண்டுகளில் வெள்ளைக்கார அறிஞர்களைப் பெரும் குழப்பத்தில் ஆழ்த்தியிருக்கிறது.

1832-இல் ஹென்றி ஹார்க்னஸ் என்ற ராணுவ அதிகாரி நீலகிரியின் மலைக்குடியினரான தோடர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தலை, கால், சில வேளை வலக்கை ஆகியவை நீங்கலாக உடம்பு முழுவதையும் மூடும் மேலாடையை அதில் வர்ணித்தார். அவர்களுக்கு ரோம மூக்கு என்றும் எழுதினார். மூக்கும் போர்வையும் சேர்ந்தால் வம்சாவளி என்பது அக்கால ஆய்வு நெறி. தோடர்கள் ரோமரின் சந்ததி என்று சிலரும், இஸ்ரவேலின் காணாமற்போன குலம் என்று சிலரும் கிளம்பிவிட்டார்கள். தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய் அவர்களையே கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும்: தெய்வம் பூமிக்குள்ளிருந்து எருமைகளை வரவழைத்தபோது, கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் தோடர் வெளியே வந்தார். ரோமரின் மூலவர்களோ ஓநாயிடம் பால் குடித்தவர்கள். பால் என்ற அளவில் ஒற்றுமை இருக்கிறது. அதற்கு மேல் இந்த ஆதாரத்தை இழுக்க முடியாது.

ஆகவே துணிக்கு வருவோம். ரோமக் குடிமகனின் டோகா கம்பளியால் ஆனது, ஐந்தாறு மீட்டர் நீளம். இடத்தோளில் போட்டு, முதுகைச் சுற்றி, வலது அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து மறுபடி இடத்தோளில் ஏற்ற வேண்டும். வசதியுள்ள வீட்டில் இதற்கு அடிமை ஒருவன் உதவினான். உடுத்தி முடித்தால் இடக்கை மடிப்புகளைத் தாங்கும் கொக்கியாகிவிடும். வலக்கைதான் பேச, வாங்க, வாழ. எந்த மடிப்பு எங்கே விழ வேண்டும், கை எவ்வளவு உயர வேண்டும் என்று மேடைப் பேச்சாளர்களுக்குப் பேச்சுக்கலை ஆசான் குயின்டிலியன் பக்கம் பக்கமாக விதி எழுதிவைத்தார். இத்தாலியின் வெயிலில் இத்தனை கம்பளி! மக்கள் மெல்ல நழுவினார்கள். டோகா இல்லாமல் ஃபோரம் என்ற பொதுச் சதுக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது என்று பேரரசர் அகஸ்டஸ் உத்தரவு போட வேண்டியிருந்தது. இத்தாலியின் பெரும்பகுதியில் பிணத்துக்குத்தான் டோகா உடுத்துகிறார்கள் என்று அங்கதக் கவிஞர் ஜுவனல் கேலி செய்தார்.

தோடரின் போர்வையான பூத்துக்குளிக்கு அரசாணை தேவைப்படவில்லை. உதகை கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அந்தக் குளிரே ஆணை. தோடர் நெய்வதில்லை, வெள்ளைப் பருத்தித் துணி சமவெளியிலிருந்து வரும். அதில் பெண்கள் வரைபடம் எதுவும் இல்லாமல், இழைகளை எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் பூ வேலை செய்வார்கள். இந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியை இரட்டையாக மடித்திருப்பதால் பை ஒன்று தானே அமையும். டோகாவின் மார்பு மடிப்பும் ரோமருக்குப் பையாகப் பயன்பட்டது. ரோமக் கட்சிக்கு இருக்கும் ஒரே உருப்படியான சாட்சியம் இதுதான், குறித்துக்கொள்கிறோம். ஆனால் டோகா குடியுரிமை பெற்ற ஆண்களின் சின்னம். பூத்துக்குளியை ஆணும் பெண்ணும் போர்த்துகிறார்கள்.

கோட்பாடு அடியோடு சரிவது சாமி கும்பிடும் இடத்தில். பலி கொடுக்கும் ரோமர் டோகாவின் நுனியை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். தோடர் மரியாதை காட்ட வலத்தோளைத் திறப்பார். கோயில் வாசலில் தோள்துண்டை இடுப்புக்கு இறக்கும் நம்மூர்ப் பெரியவருக்கு இது உடனே புரியும். பிற்காலத்தில் தோட மொழியை ஆராய்ந்தவர்களும் அதைத் தமிழுக்கு நெருங்கிய திராவிட மொழி என்றே கண்டார்கள். லத்தீன் வாடையே இல்லை.

எதிர்க்கட்சியார் விடமாட்டார்கள். கோவை வெள்ளலூரில் 1842-இல் ரோம வெள்ளிக் காசுப் புதையல் கிடைத்ததே, அவ்வளவு தூரம் வந்தவன் மலையேறியிருக்க மாட்டானா என்பார்கள். மிளகும் படியூர்ப் பக்கத்து நீலப் பச்சைக் கல்லும் வாங்க வந்த காசு அது. அதைக் கொண்டுவந்தவர்கள் வியாபாரிகள். வியாபாரி காரணமில்லாமல் மேட்டுப்பாளையத்தைத் தாண்ட மாட்டான். பல்சக்கர ரயிலே 1899-இல்தான் குன்னூரை எட்டியது.

முடிவு: வலக்கை வெளியே இருப்பதற்குக் காரணம் வம்சம் அல்ல, வேலை. எருமைக்கும் ஒரு கை வேண்டும், சொற்பொழிவுக்கும் வேண்டும், டீக்கும் வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவர்களைப் பற்றி இவ்வாய்வு வசதியாக மௌனம் சாதிக்கிறது. தோடர் ரோமர் அல்லர் என்பது உறுதி. ரோமர்தான் தோடரிலிருந்து பிரிந்து, வழிதவறி வெயில் தேசத்துக்குப் போய், போர்வையை விட மனமில்லாமல் அவதிப்பட்டவர்கள் என்று கொள்ள இடமிருக்கிறது. மறுக்க விரும்புவோர் ஜனவரி உறைபனியில் உதகை அருகே தலைகுந்தாவுக்கு வந்து, போர்வை இல்லாமல் நின்று வாதிடலாம்.