மேலே சுயாட்சி, கீழே தனி அலுவலர்

மாநில சுயாட்சி பேச திண்டுக்கல் மணிக்கூண்டைப் போல வாகான இடம் கிடையாது. டீ கிடைக்கும், பிரியாணி கிடைக்கும், கூட்டம் முடிகிற நேரத்துக்கு ஊருக்குப் போகக் கடைசி பஸ்ஸும் கிடைக்கும். 'மத்தியில் கூட்டாட்சி, மாநிலத்தில் சுயாட்சி' என்று மைக்கில் ஒருவர் முழங்கினால் கைதட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. நானும் தட்டியிருக்கிறேன்.

தட்டாமல் எப்படி இருப்பது? டெல்லி செய்கிற காரியம் அப்படி. கோடிக்கணக்கான வாக்காளர்கள் உள்ள மாநிலத்தின் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றி அனுப்பினால், ஒற்றை ஓட்டுக்கூட வாங்காத ஆளுநர் அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார். 2020இல் போன மசோதாகூட 2023 நவம்பரில்தான் திரும்பி வந்தது; அதுவும் மாநில அரசு உச்ச நீதிமன்றப் படியேறிய பிறகு. பேரவை சிறப்புக் கூட்டம் போட்டு, திரும்பி வந்த பத்து மசோதாக்களையும் மறுபடி நிறைவேற்றியது. அவர் பத்தையும் மூட்டை கட்டிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், பத்துக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கருதவேண்டும் என்றது. லட்டு கொடுத்தோம். அதே ஆண்டு நவம்பர் 20இல் ஐந்து நீதிபதிகள் கூடி, அப்படிக் கருத அரசமைப்பில் இடமில்லை, ஆளுநருக்கு நீதிமன்றம் கெடு விதிக்கவும் முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். தின்ற லட்டை என்ன செய்வது?

அமெரிக்காவில் ஆளுநர் என்றால் அந்த மாநிலத்து ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த ஆள். இங்கே அது, மான் மேய்கிற கிண்டித் தோட்டத்தோடு டெல்லி வழங்கும் ஓய்வுக்காலத் திட்டம். மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024-25இல் பள்ளிக் கல்விக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கூட்டுறவுக் கூட்டாட்சி.

எங்கள் ஊரிலேயே ஒன்று நடந்தது. 2023 டிசம்பர் 1 அன்று, திண்டுக்கல் அரசு மருத்துவர் ஒருவரிடம் 20 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதாக அமலாக்கத்துறை அதிகாரி ஒருவரை மாநில லஞ்ச ஒழிப்புத்துறை பிடித்தது. அவருடைய மதுரை அலுவலகத்தில் மாநிலப் போலீஸ் சோதனைக்கு நுழைய, வாசலில் மத்தியப் படை வந்து நின்றது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் விசாரணையை நிறுத்திவைத்தது. பணம் கேட்கப்பட்டவர் மாநிலச் சம்பளம், கேட்டதாகச் சொல்லப்படுபவர் மத்தியச் சம்பளம். கூட்டாட்சியை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகம் விளக்கிவிடும்?

இதுவரை டெல்லிக் கணக்கு. மணிக்கூண்டிலிருந்து வேடசந்தூர்ப் பக்கம் பஸ் ஏறினால் சென்னைக் கணக்கு தெரியும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள், 306 ஊராட்சிகள். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அத்தனை தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243இ பிரிவு. அந்த ஆண்டு முழுக்கத் தேர்தல் வரவில்லை; தனி அலுவலர் வந்தார். அதாவது பி.டி.ஓ. கணக்குப் போட்டால் ஒரு ஒன்றியத்துக்குச் சராசரி 22 ஊராட்சி. டெல்லியாவது மாநிலத்துக்கு ஒரு ஆளுநரை அனுப்புகிறது. சென்னை சிக்கனக்காரர்; 22 ஊருக்கு ஒரே ஆளுநர்.

ஒரு ஊரில் போர் மோட்டாரின் காயில் கருகிவிட்டது. டேங்க் ஆபரேட்டர் ஊராட்சிச் செயலரிடம் சொன்னார். செயலர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே எஸ்டிமேட் கேட்டார்கள். எஸ்டிமேட் போடும் இன்ஜினியர் வேறொரு ஊரில் ரோடு அளந்துகொண்டிருந்தார். தலைவர் என்று ஒருவர் இருந்த காலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு வந்தால் சாயங்காலம் மெக்கானிக் வந்துவிடுவார். தனி அலுவலருக்கு இந்த ஊரில் திண்ணை கிடையாது. "ஓட்டுக் கேட்டு வரட்டும், பேசிக்கிறோம்னு சொல்லக்கூட ஆளில்லையே சாமி" என்றார் ஒரு பாட்டி. கடைசியில் வீட்டுக்கு இருநூறு ரூபாய் போட்டு ஊர்க்காரர்களே காயில் கட்டிக்கொண்டார்கள். சுயாட்சி என்றால் அதுதான் போலிருக்கிறது.

இந்த இரட்டை நாக்கு நம் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்கத் தென்மாநிலங்கள் மாநில உரிமை, மாநில உரிமை என்று தொண்டை கிழியக் கத்திய காலத்தில்தான், 1850இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டத்தை வாஷிங்டனில் நிறைவேற்றிக்கொண்டன. வட மாநிலத்துக்குள் ஒளிந்திருக்கும் மனிதனை மத்திய அதிகாரி நுழைந்து இழுத்துவர வேண்டும். அந்தச் சட்டம் செல்லாது என்று விஸ்கான்சின் மாநில நீதிமன்றம் தன் உரிமையை நினைத்துச் சொல்லிப் பார்த்தது. 1859இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உட்காரவைத்தது. தென்மாநிலத்துக் கனவான்கள் ஒருவரும் விஸ்கான்சினின் உரிமைக்காகக் கண்ணீர் விடவில்லை. அடிமைத்தனத்தையும் ஊராட்சித் தேர்தலையும் ஒரே தட்டில் வைக்கவில்லை; அந்தக் குரலின் ராகம் மட்டும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது.

இங்கே முன்பும் இப்படித்தான்: 2016இல் முடிந்த பதவிக்காலத்துக்கு நம் கிராமங்களில் 2019 கடைசியில்தான் தேர்தல் நடந்தது. திண்டுக்கல் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி வரை பொறுக்கவேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊருக்கு நிதிக்குழு மானியம் இல்லை என்று டெல்லி கையை விரித்தது. அந்தப் பணத்தைக் கேட்டு சென்னை எழுதிய கடிதங்களில் நியாயம் கொட்டிக் கிடந்தது. பணம் நின்றது ஊராட்சிக்கு, கோபம் வந்தது கோட்டைக்கு.

356ஆம் பிரிவைச் சொன்னாலே இரண்டு கழகங்களுக்கும் ரத்தம் கொதிக்கும், கொதிக்கத்தான் வேண்டும். 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை இங்கே ஆட்சியைக் கலைத்திருக்கிறார்கள். ஆனால் 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 205 என்று ஒரு பிரிவு உண்டு. ஊர் கூடித் தேர்ந்தெடுத்த தலைவரை மாவட்ட ஆட்சியர் பதவியிலிருந்து இறக்கலாம். அதற்குமுன் ஊராட்சியின் கருத்தைக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, ஆட்சியர் தம் விருப்பப்படி முடிவெடுப்பார். சட்டம் வந்த நாளாக இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டிருக்கின்றன. 205 மட்டும் பத்திரமாக இருந்தது.