மிட்டாய் உடைப்புச் சாஸ்திரம்: மைசூர்ச் சுவடியை முன்வைத்து ஒரு விசாரம்

கைப்பேசியில் மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்கும் 'கேண்டி கிரஷ் சாகா' என்னும் ஆட்டம் 2012 ஆம் ஆண்டு அவதரித்த நாள்முதல், பொழுது போகாமல் அதைத் தொட்டுவிட்ட சாமானியனுக்கு உபதேசம் செய்ய எண்ணற்றோர் முன்வந்திருக்க, அவ்வுபதேசங்களின் உற்பத்தி, வகை, பாடபேதம், பயனின்மை ஆகிய நான்கையும் முறைப்படி ஆராய்ந்து நூல் செய்தவர் ஒருவரும் இலர் என்பது நம் பாஷைக்கு நேர்ந்த பெருங்குறையாகும். அக்குறையை நீக்கும்பொருட்டு, மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில், காலைச் சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் இடைப்பட்ட புண்ணிய காலத்தில் இவ்வாராய்ச்சி மேற்கொள்ளப்பட்டது.

களம் மைசூராக அமைந்தது ஏன் என்று வினவுவார்க்கு விடை எளிது. 1799 இல் ஐந்து வயதுப் பாலகனாக அரியணை ஏறிய மும்மடி கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து 1831 இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைப் பறித்துக்கொண்டார்கள். ஆளுவது போயிற்று, ஆடுவது எஞ்சிற்று. அதன்பின் 1868 இல் காலமாகும்வரை அம்மன்னர் பலகை ஆட்டங்களிலும் சீட்டாட்டங்களிலும் காட்டிய சிரத்தையை வேறெந்த அரசரும் வரி வசூலில்கூடக் காட்டியிரார். அவர் பெயரால் வழங்கும் ஸ்ரீதத்துவநிதி என்னும் நூல் ஒன்பது பகுதிகள் கொண்டது. அதில் கௌதுக நிதி என்னும் பகுதி கஞ்சீபாச் சீட்டாட்டங்கள் 13 ஐ விவரிக்கிறது. அவற்றுள் சிலவற்றுக்கு 18 ஜாதிச் சீட்டுகள் வேண்டும். நான்கு ஜாதியிலேயே தடுமாறி மனைவியிடம் தோற்கும் நம்போன்றோர் இவ்விடத்தில் கைகூப்பி மேலே செல்வது நலம். சதுரங்கக் குதிரையை 64 கட்டங்களிலும் ஒரு கட்டத்தை இருமுறை மிதியாமல் உலவவிடும் வித்தையிலும் அவர் வல்லவர். 1861 இல் எழுந்த ஜகன்மோகன அரண்மனையின் ரங்கமகால் சுவர்களில் ஆட்டப் பலகைகளைச் சித்திரமாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள். இத்தகைய ஊரில் மிட்டாய் உடைப்புக்கு ஒரு சாஸ்திரம் தோன்றாவிட்டால்தான் வியப்பு.

ஆட்டங்களின் தொன்மை பற்றிய விவாதத்துக்குள் நாம் புகவில்லை. கர்நாடகத்துப் பழங்கோவில்களின் கல்தளங்களில் ஆட்டக் கட்டங்கள் கீறப்பட்டிருப்பது உண்மையே. ஆயின் கல்லில் இரண்டு குழிகளைக் கண்டால் ஒரு கட்டுரையும், மூன்று குழிகளைக் கண்டால் ஒரு மாநாடும், நான்காவது குழியைக் கண்டால் முதல் மூன்று குழிகளைக் கண்டவர்மீது ஒரு கண்டனமும் எழுதிவிடும் பண்டிதர்கள், அங்கே குந்தி ஆடியவன் ஜெயித்தானா தோற்றானா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நம்முடைய பச்சீசி 1896 இல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை பெற்று, 2016 இல் மும்பையிலிருந்து லூடோ கிங்காகக் கைப்பேசிக்குள் திரும்பி வந்தது என்பதோடு சரித்திரத்தை முடித்துக்கொள்வோம்.

இனி, ஆடுவோர்க்கு உபதேசமாக வரும் குறிப்பு மூவகைப்படும்: முன் வருவது, உடன் வருவது, பின் வருவது. பின் வருவதாவது, 'நான் அப்போதே சொன்னேனே' என்பது. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

முன் வருவதை முன்னோட்டம் என்ப. திரையில் ஒரு கை தோன்றும். ஓர் ஊசியை உருவினால் தண்ணீர் பாய்ந்து நெருப்பணையும், இன்னொன்றை உருவினால் நெருப்புக் குழம்பு வழிந்து கீழே நிற்பவன் மாள்வான் என்பது தொட்டிற் குழந்தைக்கும் விளங்கிய நிலையில், அக்கை தவறாமல் இரண்டாவதையே உருவும். 'அட மடையா, இப்படிக் கொடு' என்று பதறி நாம் ஆட்டத்தைத் தரவிறக்கினால், உள்ளே ஊசியும் இராது, நெருப்பும் இராது. மிட்டாய் உடைப்பின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உட்கார்ந்திருப்பான். ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்னும் இரண்டு ஆட்டங்களின் இத்தகைய விளம்பரங்களை, உள்ளே இருப்பதைக் காட்டவில்லை என்ற காரணத்தால், பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2020 இல் தடுத்தது. அணிந்துரையை நம்பி ஆய்வுநூல் வாங்கிப் பழகிய நமக்கு இது புதிய அனுபவமன்று.

உடன் வருவதே சாஸ்திரத்தின் உயிர்நிலை. இதற்கு மூலநூல் என் பேரனின் கணக்கு நோட்டு (கடைசிப் பக்கம்). அதில் பென்சிலால் இரண்டே சொற்கள் உள்ளன: 'கீழே உடை'. பலகையின் அடிவரிசையில் உடைத்தால் மேலுள்ளவை சரிந்து தாமே பொருந்தித் தாமே உடையும், உடைப்பவனுக்கு முயற்சி மிச்சம் என்பது நேர்ப்பொருள். ஆயின் வீட்டில் இதற்கு வேறோர் உரையும் உண்டு. 'உடை' ஏவல் வினையன்று, பெயர்ச்சொல், மாடியிலிருந்து விழுந்த துணி கீழே கிடக்கிறது, போய் எடுத்துவா என்பதற்காகத் தானே எழுதி வைத்த சீட்டு அது என்பது மருமகள் கொள்கை (நோட்டு, கடைசிப் பக்கம், காபிக் கறைக்கு மேல், அதன்மேல் சமையலறை உரை, குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையே மொழிந்தது). எழுத்து பேரனுடையதாயிற்றே என்று நான் தடை எழுப்பினேன். நான் சொல்ல அவன் எழுதினான் என்றாள். அவனைக் கேட்டபோது, 'ரெண்டும்தான் தாத்தா' என்று தலைநிமிராமல் சமரசம் செய்தான் (வாய்மொழி மரபு, குளியலறைக் கதவுக்கு அப்பாலிருந்து பின்னர் திருத்தப்பட்டது, அத்திருத்தம் தண்ணீர்ச் சத்தத்தில் சிதைந்து 'ண்டும்' என்னும் ஈறு மட்டுமே கிடைத்தது, முற்பகுதி 'வே' என்று ஒரு சாராரும் 'மீ' என்று ஒரு சாராரும் ஊகிப்பர், துண்டு கேட்டிருக்கலாம் என்பது என் மனைவியின் தனிக்கருத்து). மாலையில் நான் அடிவரிசையில் உடைத்து இரண்டு நிலைகளைக் கடந்தேன். துணியும் கீழேதான் கிடந்தது. ஆகவே இருபொருளும் கொள்ளப்படும்.

லூடோவுக்கு உடன் வரும் குறிப்போ சுருக்கமானது: நட்சத்திரக் கட்டத்தில் நின்றால் வெட்டில்லை. தொடர்ந்து மூன்று ஆறு விழுந்தால் முறை பறிபோகும். இவ்வளவே.

இனி எஞ்சிய பிரமேயம் உயிர். உயிர்கள் எண்ணிறந்தன என்று சித்தாந்திகள் சொல்ல, மிட்டாய் ஆட்டத்தார் அவற்றை ஐந்து என எண்ணி முடித்தனர். தோற்கும்தோறும் ஒன்று நீங்கும். நீங்கியது அரைமணிக்கு ஒன்றாகத் திரும்பும். ஐந்தும் நீங்கியவன் முழுமை எய்த இரண்டரை மணி காத்திருக்க வேண்டும். இது கர்மத்தாலா, காலத்தாலா, கம்பெனியாராலா என்று நான் திண்ணையில் விசாரித்துக்கொண்டிருக்க, பேரன் மிகச் சுருக்கமாக, 'கடிகாரத்த முன்னாடி தள்ளி வெச்சா வந்துடும் தாத்தா' என்றான். யோகிகள் காலத்தை வென்றார்கள் என்று படித்திருக்கிறேன்; ஆனால் கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று தானியங்கி நேரத்தை அணைத்து அதைச் செய்யலாம் என்று எந்த ஆசாரியரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றிரவு நான் உறங்கியபின், என்மீதுள்ள வாஞ்சையால், அவன் என் கைப்பேசியின் காலத்தை இரண்டரை மணி முன்னே தள்ளினான்.

ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்து, பல் துலக்கி, மப்ளர் சுற்றி, பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினேன். தெருவில் நாய்களைத் தவிர ஒருவரும் இல்லை. பால் கடை பூட்டியிருந்தது. என்னைக் கடந்து சென்ற ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, 'ஏனு சார், ஸ்டேஷனா?' என்று கேட்டார். இல்லை, பால் என்றேன். அவர் தம் கைக்கடிகாரத்தை என் முகத்தருகே நீட்டினார். மணி இரண்டே முக்கால்.

வீட்டுக்குத் திரும்பினேன். கதவைத் தட்டி எல்லோரையும் எழுப்ப மனமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தேன். ஐந்து உயிரும் நிரம்பியிருந்தன.