வாகனக் கழிவுக் குழுவுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், வாகனக் கழிவுக் குழு, பூங்காத் துறை, மாநகராட்சி. (தமிழ்நாட்டில் 25 மாநகராட்சிகள் இருப்பதால் எதுவென்று எழுதவில்லை. பொருந்துகிறவர்கள் பெற்றுக்கொள்ளவும்.)

பொருள்: தழை அள்ளும் லாரி – திடீரென 15 வயதை எட்டியது – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 16.01.2023 நாளிட்ட அறிவிக்கை.

ஐயா,

பார்வையில் கண்ட அறிவிக்கை சொல்வது ஒன்றே ஒன்றுதான். அரசு, உள்ளாட்சி, பொதுத்துறை வண்டி எதுவானாலும் முதல் பதிவிலிருந்து 15 ஆண்டு முடிந்தால் ஆர்சி காலாவதி; இடையில் புதுப்பித்திருந்தாலும் செல்லாது. 2023 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்குமான சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. வேப்பஞ்சருகு அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. புயலுக்குக்கூட நாலு நாள் முன்னறிவிப்புதான் கிடைக்கிறது. 2010-ல் பதிவான லாரிக்கோ விதி வந்த பிறகும் இரண்டு ஆண்டு கையில் இருந்தது. பதிவு நாள் ஆர்சியிலேயே அச்சாகியிருக்கிறது. அப்படியிருந்தும் லாரி ஷெட்டில் முடங்கிய பிறகே கோப்பைத் திறந்த உங்கள் நிதானம் பாராட்டுக்குரியது. தமிழக அரசு ஊழியர் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. லாரிக்கும் அப்படி ஓர் ஆணை வரும் என்று காத்திருந்தீர்கள் போலும். ஆனால் ஊழியர் விஷயத்தில் ஓய்வு நாளுக்கு வெகு முன்பே ஓய்வூதியக் காகிதங்கள் நகரத் தொடங்கிவிடுகின்றன என்பதை மட்டும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

பணம் இல்லை என்பீர்கள். பணம் இருந்தது, வேறு கணக்கில் இருந்தது. பழுது பார்ப்பது வருவாய்ச் செலவு, புது வண்டி மூலதனச் செலவு. ஒரு கிளட்ச் பிளேட், ஒரு பட்டை செட், வெடித்துப்போன ஹைட்ராலிக் ஹோஸ், செல்ப் மோட்டார் காயில் என்று தனித்தனியாக வந்தால் எல்லாமே சின்னத் தொகை. பெரிய கையெழுத்து தேவைப்படாது. வண்டி வாங்குவதென்றால் மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, விலைப் பேச்சு, தணிக்கை எல்லாம் உண்டு. ஆகவே மூளையுள்ள எந்த அதிகாரியும் பழுதுதான் பார்ப்பார். இதில் நான் தனி மனிதர் யார்மீதும் குறை சொல்லவில்லை; சோம்பேறித்தனத்தைவிடக் கணக்குத் தலைப்புக்குத்தான் இங்கே வலிமை அதிகம். ஆனால் அந்தச் சின்ன பில்களை ஒருமுறை ஒரே தாளில் கூட்டிப் பார்த்திருக்கலாம். அதோடு வண்டி படுத்த நாட்களில் எடுத்த வாடகை வண்டியின் பில்லையும் சேர்த்திருக்கலாம். அது மூன்றாவது ஒரு தலைப்பில் பத்திரமாக இருக்கிறது. வண்டி வராத நாளில் வெட்டிய கிளைகள் நடைபாதையில் குவிந்து, கடைசியில் யாரோ கொளுத்துகிறார்கள். தோட்டக் கழிவைத் திறந்த வெளியில் எரிக்கக் கூடாது என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. இந்தச் செலவுக்கு லாக் புக்கில் பத்தியே கிடையாது.

வண்டி அதிகம் ஓடவில்லையே, கிலோமீட்டர் குறைவுதானே, நல்ல வண்டியைக் கண்டம் செய்யச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். பாதி நியாயமான கேள்வி. 15 என்பது மொட்டையான எண்தான். பத்தே ஆண்டில் ஒழிய வேண்டிய வண்டியும் உண்டு, பதினெட்டு ஆண்டு தாங்குவதும் உண்டு. ஆனால் பூங்கா லாரியை கிலோமீட்டரால் அளப்பது தவறு. அது நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு டிப்பரைத் தூக்குகிறது. பத்தடி நகர்ந்து மறுபடி நிற்கிறது. ஈரத் தழையின் சாறு தரைத் தகட்டின் மடிப்பில் இறங்கி, பெயின்ட் மேலே மினுங்க அடியில் தகட்டைத் தின்கிறது. மீட்டர் இதைக் காட்டாது. ஓடிய மணி நேரத்தையும் படுத்த நாட்களையும் எழுதி வைத்திருந்தால், பதினைந்தாம் ஆண்டில் டெல்லி வந்து சொல்வதற்கு முன் பத்தாம் ஆண்டிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வாடகைக்கே எடுத்துவிடலாம் என்ற யோசனை சாதாரண நாளுக்குச் சரி. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைச் சாய்த்துவிட்டுப் போன மறுநாள் ஊரில் எல்லோருக்கும் தேவைப்பட்டது ஒரே லாரிதான். அன்றைக்கு வாடகைக்காரர் சொன்னதே விலை, வந்ததே வண்டி.

எனக்கு உண்மையான பயம் நீங்கள் வாங்காமல் விடுவீர்கள் என்பதல்ல. பழைய ஒப்பந்தப்புள்ளியின் விவரக்குறிப்பை அப்படியே நகலெடுத்து வாங்குவீர்கள் என்பதுதான். அந்தக் குறிப்பு குப்பைக்கோ ஜல்லிக்கோ எழுதியதாக இருக்கும். எத்தனை டன் என்று கேட்கும். காய்ந்த தழைக்கு டன் கணக்கு எதற்கு? எடை ஏறும் முன்பே தொட்டி நிரம்பிவிடும். வேண்டியது உயரமான கம்பி வலைப் பக்கங்களும், கிளை இழுத்துப் போடத் தாழ்வான பின்கதவும். பிஎஸ்-6 டீசல் லாரிகள் பலவற்றில் புகைக்கரி பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால்தான் அதில் சேரும் கரி எரிந்து போகும். பூங்காவுக்குப் பூங்கா ஊர்ந்து நிற்கிற வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும்; புது லாரியும் ஒர்க் ஷாப் வாசலில் நிற்கும். தினமும் குறைந்த தூரம், இரவில் அதே ஷெட் என்ற வேலைக்கு மின் வண்டி நன்றாகவே பொருந்தும். விலை கூடுதல் என்று மறுப்பீர்கள். அந்தக் கூடுதலை மேலே சொன்ன ஒரே தாளில் எழுதி, டீசல் பில்லோடு ஒப்பிட்டுவிட்டு மறுங்கள். சார்ஜர் வைக்க ஷெட்டில் இடமில்லை என்றால் அதற்கும் வழியுண்டு. கண்டமாகி ஏலத்துக்குக் காத்திருக்கும் வண்டிகளை அகற்றினாலே போதும். டயரும் பேட்டரியும் ஏற்கெனவே தாமாகவே அகன்றுவிட்டன.

எனவே, பதிவு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே ஒவ்வொரு வண்டிக்கும் கோப்பு தானாகத் திறக்கும்படி ஓர் ஆணை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சொத்து வரியை இரண்டு ஆண்டுக்கு முன்கூட்டியே செலுத்தும்படி யாரும் கேட்காத ஒரு குடிமகன்

நகல்: தணிக்கைப் பிரிவுக்கு. விளக்கம் தேவைப்பட்டால் லாரியை நேரிலேயே விசாரிக்கலாம்; அது ஷெட்டை விட்டு எங்கும் போகாது.