28-ஐ விடச் சின்ன 29

அனுப்புநர்: பழைய 26 இன்ச் கியர் சைக்கிள் ஒன்றின் உரிமையாளர், சித்தூர், ஆந்திரப் பிரதேசம்.

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், சட்டமுறை எடையளவுப் பிரிவு, நுகர்வோர் விவகாரத் துறை, கிருஷி பவன், புது தில்லி.

பொருள்: சைக்கிள் கடைகளில் 28 என்ற எண் 29-ஐ விடப் பெரிதாக இருந்துவருவது – விளக்கம் கோருதல் தொடர்பாக.

பார்வை: எனது டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் கண்டுள்ள 54-559.

ஐயா அல்லது அம்மையீர்,

டிவி விற்கிறவர்களை நீங்கள் வழிக்குக் கொண்டுவந்த அழகைப் பாராட்டிவிட்டுத்தான் விண்ணப்பத்துக்குள் போக வேண்டும். ஊர் முழுக்க 43 இன்ச் டிவி என்றுதான் பேச்சு. ஆனால் பத்திரிகை விளம்பரத்தைப் பாருங்கள்: 108 செ.மீ. என்று பவ்யமாக முதலில் போட்டுவிட்டு, இன்ச் கணக்கை அதன் முதுகுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். நகைக்கடையில் வாயால் சவரன் பேசினாலும் பில்லில் கிராம்தான் ஏறும். மெட்ரிக்கில் அளக்காத சரக்கு இந்த நாட்டில் விலைபோகக் கூடாது என்பதில் உங்களுக்கு அவ்வளவு கண்டிப்பு.

அந்தக் கண்டிப்பு சைக்கிள் கடை வாசல்வரை வந்து, அங்கேயே ஸ்டாண்டு போட்டு நிற்கிறது.

உங்களுக்கும் எங்கள் ஜில்லாவுக்கும் ஜாதகப் பொருத்தம் பிரமாதம். வட ஆற்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கியது 1911 ஏப்ரல் 1. மாநில எல்லை பற்றிய படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கமும் சத்தியவேடு ஆந்திரப் பக்கமும் போனது 1960 ஏப்ரல் 1. அணாவை ஒழித்து நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. உங்களுடைய சட்டமுறை எடையளவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2011 ஏப்ரல் 1. எதை அளப்பதானாலும் பிரிப்பதானாலும் சர்க்காருக்கு அந்த ஒரு தேதிதான் ராசி. 2022-இல் எங்களைப் பிளந்து திருப்பதி மாவட்டம் செய்தபோது மட்டும் ஏப்ரல் 4 ஆகிவிட்டது. ஏதோ அமாவாசை குறுக்கிட்டிருக்கும். ஏப்ரல் முதல் தேதியின் மகிமையை உங்களைவிடச் சைக்கிள் வியாபாரிகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பதே என் புகார்.

கடைக்குள் வந்து பாருங்கள். 26, 27.5, 29 என்று மூன்று சைஸ் தொங்கும். உங்கள் முத்திரை பெற்ற டேப்பை எடுத்து, ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டத்தை அளந்தால், 26 என்பது 559 மி.மீ., அதாவது 22 இன்ச். 27.5 என்பது 584 மி.மீ., சரியாக 23 இன்ச். 29 என்பது 622 மி.மீ., இருபத்துநாலரை இன்ச். பெயர் போகட்டும், வித்தியாசமாவது நிஜமா? 26-க்கும் 27.5-க்கும் நடுவில் ஒன்றரை இன்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே இன்ச்தான் இருக்கிறது. 27.5-இலிருந்து 29-க்கு 38 மி.மீ.; இங்கே மட்டும் கணக்கு தற்செயலாகச் சரியாக வந்துவிட்டது. சம்பந்தப்பட்டவர்கள் மேல் இதற்காக நடவடிக்கை வேண்டாம்.

இனி தலையாய புகார். காலையில் இருபக்கமும் பால்கேன் மாட்டிக்கொண்டு போகிறாரே, அவருடைய கறுப்புச் சைக்கிளைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டயரில் 28 × 1½ என்று இருக்கும். ரிம்மை அளந்தால் 635 மி.மீ. பெரிய சக்கரம் என்று சொல்லி, அதற்கென்று தனி விலையும் வைத்து, கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறதே 29, அதைவிட 13 மி.மீ. கூடுதல். பெரிய சக்கரத்தின் மகத்துவத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக உலகம் குதித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் பால்காரர் அதையும்விடப் பெரிய ரிம்மில் வேலூர் ரோட்டில் பீடி புகைத்தபடி போய்க்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

26-இன் கதை இதைவிட மோசம். 26 × 1⅜ என்று ஒன்று. அதன் ரிம் 590. 26 × 1½ என்று இன்னொன்று. அதன் ரிம் 584. கியர் சைக்கிளில் வருகிற 26-க்கு ரிம் 559. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. ஒரே ரேஷன் கார்டை மூன்று குடும்பம் வைத்திருந்தால் தாசில்தார் ஆபீஸ் சும்மா விடுமா? போதாக்குறைக்கு, அந்த நடு ஆள் 584-ஐ இன்னொரு தடவை பாருங்கள். அதைத்தான் 27.5 என்று புதுப்பெயர் சூட்டிப் புத்தம்புதுக் கண்டுபிடிப்பாக விற்றார்கள். பிரான்சுக்காரர்கள் வெகுகாலமாக 650பி என்று ஓட்டிக்கொண்டிருந்த பழைய 26 அது.

நியாயமாகச் சொன்னால், ஆரம்பத்தில் இதில் பொய் கிடையாது. காற்றடித்த டயரோடு சேர்த்துச் சக்கரம் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதுதான் பெயர். 584 ரிம்மில் மேலும் கீழும் ஒன்றரை இன்ச் டயர் சேர்த்தால் 660 மி.மீ.; அசல் 26 இன்ச். டயர் பருக்கப் பருக்க, உயரத்தைக் காப்பாற்ற ரிம் இளைத்தது. 1933-இல் சிகாகோவின் ஷ்வின் கம்பெனி இரண்டு இன்ச்சுக்கும் மேலான பலூன் டயரை அறிமுகம் செய்தது. அதற்கு அமைந்த ரிம்தான் இந்த 559. கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1970-களில் சில இளைஞர்கள் அந்தக் காலத்துப் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து டமல்பயஸ் மலைப் பக்கம் மண்பாதையில் உருட்டி இறக்கினார்கள். 1976-இல் அது ரீபேக் என்ற பந்தயமாகவே ஆனது. மலைச் சைக்கிளுக்கு 26 இன்ச் என்று எந்தக் கமிட்டியும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. கிடைத்த காயலான் சரக்கில் அது இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு 584-இல் 2.1 டயரை மாட்டிப் பார்த்தார்கள். உயரம் 27¼ இன்ச் வந்தது. 27.5 என்ற பெயருக்குக் குறைந்த மீதிக் கால் இன்ச் கொசுறு.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் யாரொஸ்லாவ் குல்ஹாவி 29-இல் வந்து, 27.5-இல் வந்த சுவிட்சர்லாந்தின் நீனோ ஷுர்ட்டரை ஒரே விநாடி வித்தியாசத்தில் முந்தித் தங்கம் வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் பெரிய கம்பெனிகளின் புது மாடல்களில் 26 அநேகமாகக் காணாமல் போனது. ஐரோப்பாவில் போன ஒரு விநாடியைத் திருப்பதியில் நான் எங்கே போய்ப் பிடிப்பது? எனக்கு அதிகபட்சம் தாமலசெருவு மாங்காய் மண்டி லாரிகளுக்கு வழிவிட்டு ஓரம் கட்டத் தெரிந்தால் போதும்.

திருப்பதிக் கடை ஒன்றில் நடந்த உரையாடலைத் தங்கள் கோப்புக்காக அப்படியே தருகிறேன்.

“தம்பி, என் பழைய சைக்கிளுக்கு நல்ல வீல் செட் போடணும். 26.”

“26 எல்லாம் போச்சு சார். 29 எடுத்துக்கோங்க, பள்ளமே தெரியாது.”

“என் ஃப்ரேம்ல 29 ஏறுமாப்பா?”

“ஃப்ரேமோட சேர்த்துத்தான் சார் தர்றோம்.”

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. பெரிய சக்கரம் கல்லிலும் குழியிலும் சுலபமாக ஏறி இறங்கும். தலக்கோனா பக்கத்துக் காட்டுப்பாதையில் ஓட்டிப் பார்க்கிறவருக்கு அது விளங்கும். ஆனால் பழைய ஃப்ரேமில் அதைத் திணிக்கப் பார்ப்பதுதான் விபரீதம். 559-இலிருந்து 622-க்குப் போனால் சக்கரத்தின் ஆரம் 31 மி.மீ.க்கு மேல் கூடும். அதே தடிமன் டயரோடு அவ்வளவுக்குப் பின்பக்கக் குழாய்களுக்கு நடுவில் இடம் ஏது? 27.5-க்கு 12.5 மி.மீ.தானே என்று சிலர் துணிவார்கள். வி-பிரேக் வைத்த ஃப்ரேமாக இருந்தால் பிரேக் குமிழ்களை 559-க்குக் கணக்காக இடம் பார்த்து வெல்டு வைத்திருப்பான். பெரிய ரிம்மைப் போட்டால் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்காமல் போக்ஸ் கம்பிக்குள் போகும். டிஸ்க் பிரேக் என்றால் அந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு. பெடல் உயரும், சீட்டில் இருந்தபடி கால் ஊன்றுகிறவருக்குத் தரை எட்டாது. அதைவிட முக்கியம் முன்ஷாக். சும்மா நிறுத்தி வைத்துப் பார்க்கையில் டயருக்கும் ஃபோர்க் தலைக்கும் நடுவே விரல் நுழைகிற இடம் இருக்கும். இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து ஷாக் முழுக்க அமுங்கும்போது டயர் மேலே முட்டினால் சக்கரம் அங்கேயே நின்றுவிடும், ஓட்டுகிறவர் நிற்க மாட்டார். ஷாக்கை முழுக்க அமுக்கிப் பார்க்காமல் முன்னால் பெரிய சக்கரம் மாட்டித் தருகிற கடைக்காரர் யாராக இருந்தாலும் ஓடி வந்துவிட வேண்டும். இதையெல்லாம் தாண்டினாலும், பழைய கியர் சைக்கிளில் பின் அச்சுக்கு விட்டிருக்கும் அகலம் பெரும்பாலும் 135 மி.மீ., இன்றைய உசந்த 29 சக்கரங்களின் ஹப் 148. மெக்கானிக் ஃப்ரேமை விரித்துப் போட்டுத் தருவதாகச் சொல்வார். வேண்டாம்.

ஆகவே பழைய 26 வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பு 26-தான். வீலைப் பெண்டு எடுத்து, ஹப்பில் பால்ரஸ் மாற்றி, தேய்ந்துபோன 1.95-ஐக் கழற்றிவிட்டு ஃப்ரேமில் இடமிருந்தால் நல்ல 2.1 அல்லது 2.25 டயரைப் போட்டாலே பாதி வண்டி புதுசு. நம் ஊரில் 26 சாகவும் இல்லை. விலை மலிவான கியர் சைக்கிள்கள் இன்னமும் அதில்தான் வருகின்றன. கருவேல முள் ஏறிய டயரைத் தள்ளிக்கொண்டு பாகாலாவிலோ புத்தூரிலோ பஞ்சர் கடை தேடுகிறவருக்கு ஆணியில் தொங்கும் 26 டியூப் கண்ணில் படும். 29-ஐக் கேட்டால் திருப்பதிக்கு பஸ் ஏறச் சொல்வார்கள். மண்பக்கமே போகாமல் தார் ரோட்டிலேயே ஓட்டுகிறவர், டிஸ்க் பிரேக்கும் வைத்திருந்தால், அவருக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: 622 ரிம்மில் 28 மி.மீ. ஒல்லி டயர். மொத்த உயரம் 678 மி.மீ.; அவருடைய 26 × 2.1-இன் 667-ஐ விட 11 மி.மீ.தான் கூடுதல். இந்த 622 கடையில் 29 என்றும் 700சி என்றும் இரண்டு பெயரில் நடமாடுவதையும் கோப்பில் குறித்துக்கொள்ளவும்.

எங்கள் காணிப்பாக்கம் விநாயகர் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது ஐதீகம். அந்நாளில் சார்த்திய வெள்ளிக் கவசம் இன்று பொருந்தாது என்பார்கள். சுயம்புமூர்த்தி வளரலாம், அலுமினிய ரிம்முக்கு அந்த உரிமை கிடையாது. அதே சன்னிதியில் பொய்ச் சத்தியம் செய்ய இந்தப் பக்கத்தில் யாருக்கும் தைரியம் வராது. விற்பனைப் பிரதிநிதிகளை அழைத்துவந்து, திருக்குளத்தில் முழுகவைத்து, “27.5 என்பது இருபத்தேழரைதான்” என்று சொல்லச் சொல்லுங்கள். கிருஷி பவனில் கோப்பு நகர்வதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அதற்கு வசதிப்படாவிட்டால், கீழ்க்கண்டதையாவது பரிசீலிக்க வேண்டுகிறேன். டயர் ஓரத்து அழுக்கைக் கட்டைவிரலால் தேய்த்தால் 54-559 என்று ஒரு எண் தெரியும். 54 டயரின் அகலம், 559 ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டர். ஐஎஸ்ஓ 5775 என்ற சர்வதேசத் தர அளவு அது. சட்டத்துக்கும் கீழ்ப்படிகிற, பொய்யும் சொல்லாத ஒரே எண்ணை எறும்பு படிக்கிற எழுத்தில் அச்சிடுகிறார்கள். 26 × 2.10 மட்டும் நாலு தெரு தள்ளித் தெரிகிறது. எழுத்தின் அளவை இடம் மாற்றச் சொல்லி ஒரு சுற்றறிக்கை, கடைப் பலகையிலும் பில்லிலும் 559, 584, 622, 635 என்றே எழுத வேண்டும் என்று இன்னொன்று. டிவிக்கு 43 எப்படியோ, சைக்கிளுக்கு 29 அப்படி அடைப்புக்குறிக்குள் இருந்துவிட்டுப் போகட்டும்.

கொஞ்சம் அவசரமும் கூட. கண்காட்சிகளில் இப்போது 32 இன்ச் சக்கரத்தைக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். அது என் வீட்டு டிவி சைஸ். டிவி அட்டைப்பெட்டியிலாவது 80 செ.மீ. என்று போட்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
559 மி.மீ. உரிமையாளர்.

நகல்: இந்தியத் தர நிர்ணய அமைவனம், மானக் பவன், புது தில்லி. (தாங்கள் பிறந்ததும் 1987 ஏப்ரல் 1 என்பதால் தகவலுக்காக.)

இணைப்பு: 26 என்று அச்சிட்ட பழைய டியூப் ஒன்று. ஒட்டுப் போட்ட இடங்கள் போக, முத்திரை குத்த வால்வுப் பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது.