காபி உலாக்காரர்

தினமும் ஒரு மணி நேரம் நடங்கள், சர்க்கரையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். நம்மவர் முதல் கட்டளையைச் சிரமேற்கொண்டார். இரண்டாவதை ‘அரைச் சர்க்கரை’ என்று பேசித் தீர்த்துக்கொண்டார். வீடு மந்தைவெளியில். சித்திரக்குளத்தை நாலு சுற்று சுற்றினாலே டாக்டருக்குப் போதும். ஆனால் இவர் நடை கச்சேரி சாலையைத் தாண்டித் திருவல்லிக்கேணி பெரிய தெரு வரை நீளும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபம். எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு முதல் டிகாக்‌ஷன் இறங்கும் என்பது அத்துப்படி. பேரனின் பிறந்தநாளைத்தான் யாராவது நினைவுபடுத்த வேண்டும்.

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடை என்றால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டும்; ஆத்துகிறவர் பனியனோடு இருந்தால் கூடுதல் விசேஷம். பித்தளை டவராவைக் கண்டால் மட்டும் சந்தேகம். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு முளைத்த நாளிலிருந்து, பளபளக்கும் பாத்திரத்துக்கும் உள்ளே இருக்கும் வஸ்துவுக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

டம்ளர் கைக்கு வந்ததும் குடித்துவிட மாட்டார். விளிம்பை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் சாய்ப்பார். நுரை ஒதுங்கும் இடத்தில் தெரியும் நிறத்தைப் பார்ப்பார். ஒரு வாய் ஊற்றிக்கொண்டு கண்ணை மூடுவார். பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் தன் டம்ளரை முடித்து, காசு கொடுத்து, வண்டியையும் கிளப்பியிருப்பார். அப்புறம்தான் தீர்ப்பு வரும்: “சிக்கரி தூக்கல்.”

சிக்கரி என்று வாயெடுத்துவிட்டால் கேட்கிறவருக்கு அன்றைய பஸ் போனமாதிரிதான். அது கொட்டையே இல்லை, வேர். குஜராத்தில் ஜாம்நகர்ப் பக்கம் விளைகிறது. கலப்புத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அங்கிருந்து பீபெரிக்குத் தாவுவார். ஒரு பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டை இருப்பதுதான் வழக்கம், ஒற்றையாக உருண்டு விளைந்தால் பீபெரி. பிறகு பாபா புதன் ஏமனிலிருந்து ஏழு விதைகளை ஒளித்து எடுத்துவந்து சிக்மகளூர் மலையில் நட்ட கதை. ஒவ்வொரு விதைக்கும் ஒரு விரலை மடக்குவார். ஐந்தாவதோடு கை தீர்ந்துவிடும், டம்ளரைக் கீழே வைக்கவும் மனசு வராது.

ஒருநாள் ஆழ்வார்பேட்டையில் புதிதாகத் திறந்த காபிக் கடைக்குள் நுழைந்துவிட்டார். உள்ளூர்ப் பையன் ஒருவன் சொந்தமாக நடத்துவது, ஆகவே கொள்கைக்குப் பங்கமில்லை. நகைக்கடைபோல மின்தராசு வைத்து 15 கிராம் தூள் நிறுத்தான் பையன். கூம்பு வடிகட்டியில் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான்.

“இதுல ஆரஞ்சு வாசனை வரும் சார்.”

“ஏம்ப்பா, உரிச்ச கையோட போட்டியா?”

“இல்ல சார், கொட்டையிலயே இருக்கிறது.”

“சரி, சிக்கரி எத்தனை பர்சென்ட்?”

பையன் முகம் செத்துவிட்டது. “அதெல்லாம் சேர்க்கிறதே இல்ல சார்.”

“பாலு?”

“பால் விட்டா ஃப்ளேவர் போயிடும்.”

“பாலுக்கே பயப்படற ஃப்ளேவரா?”

என்றாலும் கோப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். அடுத்த வாரமும் அங்கே பார்த்தேன். ஏசி நன்றாக இருக்கிறதாம்.

அவரிடம் ஒரே கஷ்டம், ரகசியம் தங்காது. சந்துக்குள் நல்ல கடையாகக் கண்டுபிடிப்பார். “யாருக்கும் சொல்லிடாதே” என்ற குறிப்போடு, லொகேஷனையும் சேர்த்து, குடியிருப்போர் சங்க வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார். மறு ஞாயிறே கடை வாசலில் ஸ்கூட்டர் நிறுத்த இடமிருக்காது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “போச்சு, தரம் இறங்கிடுத்து” என்று அடுத்த சந்துக்குத் திரும்பிவிடுவார்.

போன மாதம் லஸ் பக்கம் ஒரு கடையில் நின்று, கண்ணைத் திறந்து, “பேஷ்!” என்றார். எப்போதாவது விழும் பாராட்டு அது. கையில் போனும் வந்துவிட்டது. கல்லாவில் இருந்தவர் பதறி எழுந்தார்.

“சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நல்லா இல்லைன்னு போடுங்க. இருக்கிற பாலே ஏழு மணிக்குத் தீந்துடுது.”