தம்பிக்கும் ஒரு டிக்கெட் போடு தாயி

ஜெர்மனி மாப்பிள்ளையாம்ல! நாகல் நகர் பூராம் அதே பேச்சு. உங்கப்பன் நடையப் பாக்கணுமே, மலைக்கோட்டைய வெலைக்கு வாங்குனவன் கணக்கா போறான். உங்கம்மாதான் கண்ணைக் கசக்குறா. அவகிட்டச் சொல்லு தாயி, அந்தத் தேசத்துக்காரங்களே ஒரு காலத்துல பொண்ணுகளச் சீமை தாண்டிக் கட்டிக் குடுத்தவங்கதான்னு. மதுரை நாயக்கருக்கு 72 பாளையம்னு நாம பெருமை பேசுறோம்ல, 1700-கள்ல ஜெர்மனியில முந்நூறு குட்டி ராஜ்ஜியம். கஜானாவுல காசு கம்மி, அரமனையில குமருக அதிகம்.

அதுல சார்லட்டுன்னு ஒருத்தி, 17 வயசு. 1761 செப்டம்பர் 8-ம் தேதி லண்டனுக்கு வந்தா, அன்னைக்கு ராத்திரியே இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜுக்குக் கழுத்த நீட்டிட்டா. அதுவரைக்கும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்ததில்ல. புள்ளைக 15. நீ தெனம் வீடியோவுல பேசிட்டு, ‘இன்னும் புரிஞ்சுக்கணும் தாத்தா’ங்கிற.

சோபியான்னு இன்னொருத்தி 14 வயசுல, 1744-ல, ருஷ்யாவுக்குப் போனா. ராத்திரியில எந்திரிச்சு, அந்தக் குளிருல வெறுங்காலோட நடந்துக்கிட்டே ருஷ்ய பாஷைய உருப்போட்டா. நெஞ்சுல சளி கட்டிச் சாகக் கெடந்தா. அப்பவும் ‘எங்க பாதிரி வேணாம், இந்த ஊரு சாமியாரக் கூப்பிடுங்க’ன்னா பாரு, கெட்டிக்காரி! மதம் மாறி, கேத்தரின்னு பேரு மாறி, 1762-ல புருசனையும் எறக்கிட்டுத் தானே சிம்மாசனத்துல உக்காந்தா. 34 வருசம் ஆண்டா. நீயும் பாஷைய நல்லாப் படி. எறக்குன சங்கதிய மட்டும் மாப்பிள்ளை காதுல போட்டுறாத.

ஆனா நம்ம பக்கத்துக் கதைக்கு அதெல்லாம் ஒறை போடக் காணாது. இலங்கையில கண்டி ராஜாக்க பட்டத்து ராணிய மதுரையிலருந்துதான் எடுப்பாக, நாயக்கர் வீட்டுப் பொண்ணு. பொண்ணோட சொந்தபந்தமும் கப்பலேறிரும். நரேந்திரசிங்கன் 1739-ல பட்டத்து வாரிசு இல்லாமச் செத்தான். சிம்மாசனம் யாருக்குப் போச்சு? ராணியோட கூடப்பொறந்தவனுக்கு! அந்த விஜய ராஜசிங்கனும் மதுரைப் பொண்ணத்தான் கட்டுனான், அவனுக்கும் வாரிசு இல்ல. 1747-ல அவன் மச்சினன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஏறிட்டான். ரெண்டு தடவையும் மச்சினன்தான்!

அந்தக் கீர்த்தி ஸ்ரீ சும்மா உக்காந்து திங்கல. 1753-ல சயாம் தேசத்துலருந்து பிக்குகள வரவழைச்சு, கண்டியில அத்துப்போன பௌத்த தீட்சைய மறுபடி நடத்துனான். புகுந்த ஊரு சாமிய மதிக்கிறதுன்னா அப்பிடி. இருந்தும் 1815-ல பிரதானிகளே வெள்ளைக்காரனோட சேந்துட்டாக. கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில கைதியா இருந்து 1832-ல செத்தான். வேலூர்ல அவன் சமாதி இப்பவும் இருக்கு.

அதுக்குள்ள மச்சினன் வகையறா எழுவத்தாறு வருசம் ஆண்டுட்டாகள்ல, அது போதும். நீ தம்பிக்கு இப்பவே பாஸ்போர்ட் எடுத்து வையி. மாப்பிள்ளை கேட்டா, பொட்டி தூக்க வர்றான்னு சொல்லு.